முப்பத்தேழு நொடி

சோஹார் சனய்யா. ஆகஸ்ட்.
முகாமின் வாசல்கதவு
மதியம் இரண்டு மணிக்குப் பாதியில் நின்றுவிடுகிறது.
பேருந்தின் மூக்கு உள்ளே, முதுகு சாலையில்,
நடுவே நாற்பத்திரண்டு பேர் வியர்வையோடு.

ஐநூற்று நாற்பது கிலோ கதவு.
ஏழு மீட்டர் நகர வேண்டும்,
நொடிக்கு இருபது சென்டிமீட்டர்.
எடுப்புக்கு இரண்டு நொடி, அடங்க இரண்டு.
கூட்டிக் கழித்தால் முப்பத்தேழு நொடி.
சிமெண்ட் சாக்கின் கிழிசலில் போட்ட கணக்கு.
உருளும் சக்கரத்துக்கு உராய்வு நூற்றில் ஒன்றரை;
இழுக்க எட்டு கிலோ போதும்,
கிளப்ப இன்னும் ஐந்தரை.
நியூட்டனில் எழுதினால் காவல்காரன் ஸர்பராஸுக்குப் பிடிக்காது.
கிலோவில் சொன்னால்
வெறுங்கையில் அதைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டுவான்.

மோட்டாரை இருபத்தைந்தில் கட்டியிருக்கிறேன்.
அதற்கு மேல் எது தடுத்தாலும்
ஆளாக இருக்கலாம் என்று
கதவு பயப்பட வேண்டும்.

"நாற்பதாக்கு, இன்னாசி" என்றார் பஹ்ஜத்.
"ஒரே திருகு. அரை நிமிஷ வேலை."
திருகு அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தது,
சிவப்பாக, கடுகளவில்.
போன ரமலானில், பக்கத்து யார்டில்,
தண்ணீர் லாரிக்காரரின் தோள்
தூணுக்கும் கதவுக்கும் நடுவே இருந்தது மூன்று நொடி.
மூடியை மறுபடி மூடினேன்.

அளக்கத் தராசு இல்லை.
ஸர்பராஸ் கொண்டுவந்தான்:
விமானத்துக்குப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு.
முகாமுக்கே பொது.
முள் முப்பதைத் தாண்டினால்
எவனோ ஒருவன் பால்பவுடர் டின்னை வெளியே எடுப்பான்.

கிளட்சை விடுவித்து, கொக்கியை மாட்டி, மெல்ல இழுத்தோம்.
காலை ஐந்துக்கு ஒன்பது.
எனக்கும் கதவுக்கும் ஒரு கிலோதான் மனஸ்தாபம்;
அது மணல், போகட்டும்.
பத்துக்குப் பதினான்கு.
இரண்டுக்கு முப்பத்தொன்று.
"இவனை ஏற்ற மாட்டார்கள்" என்றான் ஸர்பராஸ்.

மணலுக்கு மணி பார்க்கத் தெரியாது.
அட்டையை விரித்துக் குப்புறப் படுத்து
தண்டவாளத்தோடு கண்ணை வைத்தேன்.
மூன்றாவது போல்ட்டருகே ஒட்டு எழும்பியிருந்தது,
அடியில் ஒரு தீப்பெட்டி படுக்கும் அளவு.
சக்கரம் அதில் ஏறுகையில்
கதவின் தலை சாய்ந்து மேல் உருளையை உரசுகிறது.

யாரோ ஜனவரியில் பதித்த பதினான்கு மீட்டர் இரும்பு.
பதினெட்டு டிகிரியில்
இரு முனையும் கான்கிரீட்டில் பூட்டியாயிற்று.
இன்றைய வெயிலில் அறுபத்திரண்டு.
ஏழு மில்லிமீட்டர் நீள நினைத்து
போக்கிடம் இல்லாமல் முதுகைத் தூக்குகிறது.

எதிரே, பதினாறு கட்டில் கிடக்கும் அறை
கதவைத் திறந்துவைத்துக்கொண்டு
இதிலிருந்து ஓர் உவமை எடு என்றது.
நான் அறுக்கும் டிஸ்க்கை எடுத்தேன்.

மதியம் அறுத்தால் இரும்பு டிஸ்க்கைக் கவ்வும்.
மறுநாள் நாலரைக்கு, முப்பத்துமூன்று டிகிரியில்,
இனி வளர ஐந்து, கைக்காவலுக்கு ஒன்று:
ஆறு மில்லிமீட்டர்.
நேராக அல்ல, சாய்வாக.
ஒரு விளிம்பை விடுமுன்
சக்கரம் மறு விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மணி. பேருந்து.
ஸர்பராஸ் உருதுவில் உரக்க எண்ணினான்.
முப்பத்தெட்டு.
அந்த ஒரு நொடி உன் நாக்குடையது என்றேன்.
மணலுடையது என்றான்.

போனில் பஹ்ஜத்: "திருகைத் திருப்பினாயா?"
"இல்லை. அரை நிமிஷ வேலைக்கு
இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்."
அந்தப் பக்கம் ஏதோ எழுதப்படும் சத்தம்.

விடியலில் இரும்பு சுருங்கியிருக்கும்;
சாய்வெட்டைக் கடக்கையில் சக்கரம் டக் என்கிறது.
நடுப்பகலில் ஒன்றும் கேட்பதில்லை.
செப்டம்பர் கடைசியில் ஸர்பராஸின் குரல்செய்தி, நான்கு நொடி:
"டக் இன்னும் சின்னதுதான், உஸ்தாத்.
குளிர் வரவில்லை."